உத்தரியத்தோடு தொங்கிய சாவி

அத்தியாயம் பதினொன்று

அமிர்தநாதன் என்பது அவருக்கு ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட பெயர். அலுவலகத்தில் அதனைச் சுருக்கி ‘அமிர்தம் அண்ணாச்சி’ என்பார்கள். அவர் குடியிருந்த தாராவிச் சாலில், அந்த வரிசைக் குடியிருப்பில், உள்ளவர்களோ ‘கான்சலேட்டுக்காரர்’ என்பார்கள். வயது ஐம்பத்து மூன்று. காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தில் ஏறி, மாட்டுங்காப் பக்கம் இறங்குவார். வழியில் எவருடனும் நின்று பேசமாட்டார். எட்டே முக்காலுக்குப் புளியும் சாம்பலும் கொண்டு அலுவலக வாசலிலுள்ள பித்தளைப் பலகையைத் துலக்குவார். கடையில் புட்டியில் விற்கும் மெருகு நீரை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே கழுத்திலுள்ள கயிற்றைச் சட்டைக்கு வெளியே எடுப்பார்.

அந்தக் கயிற்றில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கார்மேல் மாதாவின் உத்தரியம். பழுப்புக் கம்பளித் துணியிற் செய்த சிறு சதுரம். சாகுமட்டும் கழற்றுவதில்லை என்று நேர்ந்துகொண்டு அணிவது. மற்றொன்று, ஓர் இரும்புப் பீரோவின் சாவி. குளிக்கும்போதுகூட அவர் இரண்டையும் கழற்றுவதில்லை. துருப் பிடிக்காதிருக்கச் சாவிக்கு வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவுவார்.

அந்தப் பீரோவின் வரலாற்றைத் தொடக்கமுதல் படித்துவரும் அன்பர்கள் அறிவார்கள். புதிதாய் வந்தவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன்.

ஜெயினுலாப்தீன் சாயபு தோல் வியாபாரி. தாராவியில் அவருக்குக் கிடங்கு. மாட்டுங்காவில் முதல் மாடியில் மூன்று அறைகள். இரண்டு அறைகளில் தோல் வியாபாரம் நடந்தது. மூன்றாம் அறையில் வடகடலோரத்துச் சிறு நாடு ஒன்றின் கான்சல் அலுவலகம் இருந்தது. இருபது ஆண்டுகள் அந்நாட்டிற்குத் தோல் அனுப்பி நற்பெயர் எடுத்த சாயபுவை அந்நாட்டு அரசாங்கம் தன் கௌரவ கான்சலாக, சம்பளமில்லாத பிரதிநிதியாக, நியமித்தது. நம் அரசாங்கமும் அதனை ஏற்று அங்கீகாரப் பத்திரம் வழங்கியது. சாயபு கையெழுத்திடுவார். மற்ற வேலை யாவும், கான்சல் காகிதங்கள் இருந்த இரும்புப் பீரோவின் பொறுப்பும், ஒன்பது ஆண்டுகளாக அமிர்தநாதனுடையவை.

பாஸ்போர்ட்டைத் தொலைத்த மாலுமி, மருத்துவமனையில் பாஷை தெரியாமல் கிடக்கும் மாலுமி, சிறைக்குச் சென்ற மாலுமி ஆகிய எல்லோரும் அந்த மூன்றாம் அறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். சென்ற ஆண்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் துறைமுகத்தில் காய்ச்சலால் இறந்தான். அவனுடைய இரண்டு சட்டைகளையும், ஒரு மவுத்தார்கனையும் அமிர்தநாதனே மடித்து, அரக்கு முத்திரை வைத்து, அவன் தாய்க்கு அனுப்பினார். ஒரு தேசம் என்பது தன் மக்களில் ஒருவன் உலகின் எந்த மூலையில் விழுந்தாலும் அவன் சட்டையை மடிப்பதற்கு ஓர் ஆளை வைத்திருக்கும் என்பதை எண்ணி அவர் அன்று வியந்தார்.

அவருடைய மூத்த மகன் தாவீதும் கப்பலேறியவன்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆயின.

அதனால்தான், நர்ஸ் வேலை பார்க்கும் மகள் இருதயமேரிக்கு அந்த வடகடலோர நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து கடிதம் வந்தபோது அவர் அப்படிச் செய்தார். சாலுக்கு வரும் தபால்கள் காணாமற்போகின்றன என்று மேரி தந்தையின் அலுவலக விலாசத்தைக் கொடுத்திருந்தாள். கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கடிதம் வந்தது. அவர் அதனைப் பிரித்தார், படித்தார், இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினார்.

அவருடைய சொந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு தெரியாத காரியத்தைச் சீட்டில் எழுதிக் கோவிலிலுள்ள மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதன் பிறகு அதனைப்பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. தாமும் அவ்வாறே செய்ததாக அமிர்தநாதன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தாம் ஒளிக்கவில்லை, ஒப்படைத்திருக்கிறோம் என்று.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதில் வந்து சேராவிடில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கண்டிருந்தது. நாம் இப்போது காண்பது 1968-ஆம் ஆண்டு மார்ச் இருபதாம் தேதி. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்துப் புதன்கிழமை.

*

காலையில் மேரி வெள்ளைச் சீருடையில் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இன்னைக்கி டாக்குல என் கடுதாசி வந்தா வார்டுக்கு ஒரு போன் போடுங்க. சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“வந்தாப் போட மாட்டேனா?”

“இவ ஒருத்தி,” என்றாள் அடுப்படியிலிருந்த தாய் சேசம்மாள். “வராததுக்கு என்னத்துக்கு வழி பாத்துக்கிட்டு? இங்கன ஊசி போட ஆளே இல்லாமப் போச்சாக்கும்?”

“ஜானே தோ ம்மா, விடு. இங்கயும் ஊசிதான், அங்கயும் ஊசிதான். ஆனா அங்க படிக்கவும் விடுவாங்க.”

“படிச்சு, படிச்சு, முடி நரைச்சுத்தான் மாப்பிள்ளை பாக்கணும்.”

“நரைச்ச மாப்பிள்ளையாப் பாரு. சரியாப் போவும்.”

சேசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கரண்டியைத் தட்டினாள். மேரி தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கடிதத்தைப்பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் முகம் வாடிப்போவதை மூன்று மாதமாக அவள் கவனித்துவந்தாள்.

“வரலைன்னா விடுங்கப்பா,” என்றாள் மெல்ல. “நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதீங்க? சாயந்தரம் மாஹிம் நவநாளுக்கு வந்துருங்க. நான் டூட்டி முடிஞ்சு நேரா வாரேன்.”

அமிர்தநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நெஞ்சின்மீது சாவி குளிர்ந்திருந்தது.

*

பதினொரு மணிக்குச் சுங்க இலாகாவினர் வந்தார்கள்.

வந்தவர் கணேசபாண்டியன் என்னும் இன்ஸ்பெக்டர், செம்பூரில் குடியிருப்பவர், வயது நாற்பதிருக்கும். அவர் பின்னால் இரண்டு சிப்பாய்கள். சாயபு அனுப்பும் தோலில் விலக்கப்பட்ட சரக்குக் கலந்திருப்பதாக எவரோ மொட்டைக் கடிதம் எழுதியிருந்தார். அதன்மேல் சோதனை உத்தரவு பிறந்திருந்தது.

தோல் வியாபாரத்தின் மானேஜர் அப்துல் ரவூப் எழுந்து நின்றார். “முதலாளி வாணியம்பாடிக்குப் போயிருக்காங்க சார். வர நாலு நாளாவும்.”

இந்தியில் தொடங்கிய இன்ஸ்பெக்டர், ரவூபின் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“நம்ம பக்கத்து ஆளாவே? எந்த ஊரு?”

“காயல்பட்டணம் சார்.”

“எனக்குத் தூத்துக்குடி. ஆனா ஊர்ப் பாசத்துல வாரண்டு கரைஞ்சிராது. சாவியளை எடும்.”

இரண்டு அறைகளையும் ஒரு மணி நேரம் சோதித்தார்கள். கோப்புகளைத் துணியில் மூட்டையாகக் கட்டினார்கள். மாதிரித் தோல்களைப் புரட்டினார்கள். ரவூப் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். அவரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. பிறகு மூத்த சிப்பாய் மூன்றாம் அறையின் வாசற்படியில் கால்வைத்தான்.

உள்ளே அமிர்தநாதன் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். சுவரில் அந்நாட்டின் சின்னம். ஒரு கப்பலும் அதன்கீழ் மூன்று அலைகளும். அதற்கு நேர் கீழே இரும்புப் பீரோ.

கணேசபாண்டியன் பித்தளைப் பலகையைப் படித்தார். “என்ன அண்ணாச்சி, மூணு ரூமுக்கும் ஒரே தரை, ஒரே கூரை. இதுல எங்க முடியுது நம்ம நாடு?”

“ரூமு நம்ம நாடுதான் சார்,” என்றார் அமிர்தநாதன். “உள்ள வரலாம். உக்காரலாம். மேசையப் பாக்கலாம். அந்தப் பீரோவுல மட்டும் கை வைக்கப்படாது.”

“வச்சா?”

“வைக்கப்படாது சார்.”

சிப்பாய் சிரித்தான். கணேசபாண்டியன் சிரிக்கவில்லை. அமிர்தநாதன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஐந்தாண்டுகளுக்கு முன் வியன்னா நகரில் பல தேசத்தாரும் கூடி, ஒரு நாட்டுக் கான்சல் மற்றொரு நாட்டில் எவ்வாறு இருக்கவேண்டும், எவ்வாறு நடத்தப்படவேண்டும் என்று எழுதிய உடன்படிக்கையின் அச்சுப் பிரதி அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதனை முழுதும் படித்திருந்தார். சிவப்புப் பென்சிலால் கோடிட்ட இடத்தை இன்ஸ்பெக்டர் உதடசைத்து வாசித்தார். கான்சல் அலுவலகத்தின் ஆவணங்கள் எக்காலத்தும், எவ்விடத்தும் எவராலும் கைவைக்கப்படலாகாதவை என்பது அதன் கருத்து.

“இதுல நம்ம சர்க்கார் சேந்திருக்கா?”

இல்லை என்பதை மறைத்திருக்கலாம். அந்த இன்ஸ்பெக்டருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

“இல்ல சார். இன்னும் சேரல.”

“பின்ன என்னவே இதத் தூக்கிக் காட்டுதீரு?”

“சேராட்டியும் வழக்கம் ரொம்பக் காலமா இருக்குல்லா சார். நம்ம நாட்டுக் கான்சல் பீரோவும் எத்தனையோ ஊர்ல இருக்கு. அதையும் எவனும் தொறக்காமத்தானே வச்சிருக்கான்.”

கணேசபாண்டியன் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பிறகு முன்னறைக்குச் சென்று தம் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். மேலதிகாரி வேறெவரையோ அழைத்தார். இருபது நிமிடம் சென்றது.

அந்த இருபது நிமிடத்தையும் அமிர்தநாதன் தம் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார். பீரோவின் கதவு தகரத்தைவிடச் சற்றே கனமானது. சிப்பாயின் கையிலிருந்த இரும்புக் கம்பியால் ஒரு நெம்பு நெம்பினால் அது பிளந்துவிடும். அரசாங்கத்தின் உத்தரவு அவர்கள் சட்டைப்பையில் இருந்தது. தடுக்கப் படையில்லை, காவலாளியில்லை, ஐம்பத்து மூன்று வயதுக் குமாஸ்தா ஒருவர் மட்டுமே நின்றார். ஆயினும் அந்தச் சிப்பாய், எவரும் சொல்லாமலே, வாசற்படியில் வைத்த காலை மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

எங்கோ ஒரு நகரத்தில், இந்த அறையை ஒருநாளும் காணாத மனிதர்கள் கூடிச் சில வாக்கியங்களை எழுதினார்கள். அவற்றிற்கு நம் தேசம் கையெழுத்துகூட இடவில்லை. அந்த வாக்கியங்களின் முன்னால் ஓர் அரசாங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அமிர்தநாதனுக்கு உடல் சிலிர்த்தது. நற்கருணைப் பேழை திறக்கப்படும்போது கோவிலில் எழும் அமைதியை அன்றி இதற்கு ஈடாக அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கணேசபாண்டியன் திரும்பி வந்தார். புத்தகத்தை மீண்டும் கையில் எடுத்தார்.

“தொடக்கூடாதுன்னு உத்தரவு. நீரு சொன்னதுதான் சரி,” என்றார். “ஆனா எங்க ஆபீசுலயும் படிச்ச ஆளு இருக்கான் அண்ணாச்சி. பின்னாடி ஒரு பக்கத்தப் புரட்டச் சொன்னான். உங்க முதலாளி சம்பளத்துக்கு வந்த கான்சல் இல்ல, வியாபாரி. அப்படிப்பட்டவருக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்காம். கான்சல் காயிதம் தனியா இருக்கணும். வியாபாரக் காயிதமோ, சொந்தக் கடுதாசியோ, வேற எதுவும் அதோட கலந்திருக்கப்படாது. தனியா இருந்தாத்தான் இந்தப் பாதுகாப்பு. கலந்திருந்தா இல்ல. தனியாத்தானே இருக்கு?”

அந்தப் பக்கத்தையும் அமிர்தநாதன் படித்திருந்தார். படித்தது மட்டுமன்று, சாயபுவின் வியாபாரக் கடிதம் ஒன்றுகூட உள்ளே நுழையாதபடி ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். ஒருமுறை சாயபு தம் வீட்டுப் பத்திரத்தை வைக்கக் கேட்டபோது, “இது உங்க பீரோ இல்ல முதலாளி” என்று மறுத்தவர் அவர்.

கீழ்த்தட்டில் மகளின் கடிதம் கிடந்தது. அவர் கண் பீரோவின் கீழ்ப்புறம் சென்றது.

“இப்பச் சொல்ல வேண்டாம்,” என்றார் கணேசபாண்டியன். “முதலாளிக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுக்கிடும். நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு வாரேன். எழுத்துல குடுக்கணும். இருபதாம் தேதி, பன்னெண்டரை மணிக்கு, இந்தப் பீரோவுக்குள்ள கான்சல் காயிதத்தத் தவிர வேற இருந்துச்சா, இல்லையா. அதான் கேள்வி. அது டெல்லிக்குப் போவும். நாங்க தொறந்து பாக்கப் போறதில்ல. நீரு எழுதினதுதான் எங்களுக்குக் கண்ணு.”

“நான் எழுதினா நம்பிருவீங்களா சார்?”

“நம்பணும்னுதானே வே அந்தப் புஸ்தகத்துல இருக்கு.” அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். “பதினாறு வருச சர்வீசு. கப்பக் கேப்டன் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்கேன். கல்யாண மாப்பிள்ளை பெட்டியக் கவுத்திருக்கேன். தொறக்காமப் போறது இதுதான் மொதத்தடவ. வாரேன் அண்ணாச்சி.”

*

அவர்கள் சென்ற பிறகு ரவூப் நாற்காலியில் விழுந்தாற்போல் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, நீங்க குமாஸ்தா இல்ல. கவர்னர். நான் என் வீட்டுக்காரி கேட்டாலே எல்லாச் சாவியையும் குடுத்துருவேன்.”

அமிர்தநாதன் புரண்டு கிடந்த மாதிரித் தோல்களை எடுத்து அடுக்கினார்.

“நாளைக்கு என்ன, நாலு வரிதானே. ‘வேற ஒண்ணும் இல்லை’ன்னு எழுதிருங்க. ஜோலி முடிஞ்சுது. கப்பல் சனிக்கிழமை போவுது. அதுக்குள்ள இவங்க கையெழுத்துப் போடாட்டா சரக்கு ராவு பகலா துறைமுகத்துல கிடந்து நாறும்.”

“வேற இருந்துச்சுன்னு எழுதினா?”

ரவூப் சிரித்தார். “எழுதினா அந்தப் பாதுகாப்புப் போச்சுன்னு அவரே சொல்லிட்டுப் போறாரே. எல்லாத்தையும் தொறந்து கொட்டுவாங்க. முதலாளி கான்சலும் இல்ல, நீங்க கவர்னரும் இல்ல. ஏன் அண்ணாச்சி, உள்ள என்ன வச்சிருக்கீங்க? பிரியாணியா?”

“சும்மா கேட்டேன்.”

அவர் மூன்றாம் அறைக்குள் சென்று கதவைச் சாத்தினார். கைகளைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு சாவியை நுழைத்துப் பீரோவைத் திறந்தார்.

கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. இப்போது எடுத்துவிட்டால் பீரோ தூய்மையாகிவிடும்; ஆனால் கேள்வி பன்னிரண்டரை மணியைப்பற்றியது. அந்தப் பன்னிரண்டரை மணியை இனி எவராலும் தூய்மையாக்க இயலாது.

உறையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ‘மிஸ் இருதயமேரி அமிர்தநாதன்’ என்று தட்டச்சில் அடித்திருந்தது. மேல்விளிம்பில், காகிதம் வெட்டும் கத்தியால் தாம் கிழித்த நேர்க்கோடு தெரிந்தது. அழகாகவே கிழித்திருந்தார், எல்லாத் தபாலையும் அவர் அப்படித்தான் கிழிப்பார்.

வாரண்டு வைத்திருந்த மனிதன் வாசலில் நின்றான். வாரண்டு இல்லாத தாம் இந்த உறையின் முன்னால் ஒரு நொடியும் நிற்கவில்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பீரோவைப் பூட்டினார்.

*

மாஹிம் மாதா கோவிலில் புதன்கிழமை நவநாள் வழிபாடு என்றால் எள் விழ இடமிராது. எல்லா மதத்தினரும் வருவார்கள்; வாசலில் மெழுகுதிரி விற்போர் எல்லாப் பாஷையும் பேசுவார்கள். அமிர்தநாதன் வந்துசேர்ந்தபோது மாலை ஆறு மணி. வெயில் இன்னும் மிச்சமிருந்தது. சேசம்மாளும் மேரியும் ஒரு தூணோரத்தில் அவருக்கு இடம் பிடித்திருந்தார்கள்.

“டாக் வந்துச்சா?” என்று மேரி உதட்டளவில் கேட்டாள்.

அவர் தலையை அசைத்தார். அது ஆம் என்றா, இல்லை என்றா என்பது அவருக்கே தெரியவில்லை. மேரி அதனை இல்லை என்று கொண்டாள். அவர் புறங்கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள்.

அங்கே நவநாளில் ஒரு வழக்கம் உண்டு. ஜனங்கள் தங்கள் விண்ணப்பங்களைக் கடிதமாக எழுதிப் பெட்டியில் இடுவார்கள். பெயர் எழுதவேண்டியதில்லை. வாரந்தோறும் அவற்றில் சிலவற்றைக் குருவானவர் பீடத்தருகே நின்று எல்லோரும் கேட்க வாசிப்பார். அவ்வளவு ஜனங்களும் முகமறியாத ஒருவருக்காக வேண்டிக்கொள்வார்கள்.

முதற்கடிதம், குழந்தையில்லாத தம்பதியுடையது. இரண்டாவது, பரீட்சை எழுதும் மாணவனுடையது. மூன்றாவதைக் குருவானவர் ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தார். அதன் பொருள் இது:

“மாதாவே, கடல்கடந்த ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வரும் என்று மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன். எனக்காக என் தகப்பனாரும் காத்திருக்கிறார். நாள்தோறும் தபாலைப் பார்த்துவிட்டு ஏமாந்து வீடு திரும்புகிறார். கடிதத்தைப்பற்றிப் பேசினால் அவர் முகம் வாடுகிறது, உணவும் குறைந்துவிட்டது. என் அண்ணனுடைய கடிதத்திற்கும் அவர் இப்படித்தான் காத்திருந்தார். எனக்கு அந்த இடம் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. என் பொருட்டு அவர் வருந்தாதிருக்க அவருக்கு ஆறுதல் தந்தருளும்.”

ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள். குருவானவர் அடுத்த கடிதத்தைப் பிரித்தார்.

மேரி தலை குனிந்திருந்தாள். சேசம்மாள் மகளைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அமிர்தநாதன் தூணைப் பற்றிக்கொண்டார். முன்பின் அறியாத அத்தனை பேரும், மராட்டியரும் கோவாக்காரரும் பார்சிக் கிழவிகளும், சற்றுமுன் அவருடைய ஆறுதலுக்காக மன்றாடியிருந்தார்கள். அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் செய்தது இன்னது என்றும் தெரியாது. கேள்வி கேட்காமலே வேண்டிக்கொண்டார்கள்.

அன்று இரண்டாம் முறையாக அவருக்கு உடல் சிலிர்த்தது. பகலில் கண்டது ஒரு பீரோவின் முன்னால் அதிகாரம் ஒதுங்கி நின்றதை. இப்போது கண்டதற்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை.

*

நவநாள் முடிந்து மூவரும் வெளியே வந்தார்கள். கோவில் முற்றத்தில் கூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. சேசம்மாள் வேர்க்கடலை வாங்க நின்றாள்.

“எழுதிப் போட்டது நீதானா?” என்று அமிர்தநாதன் கேட்டார்.

“வாசிப்பாங்கன்னு நெனைக்கலப்பா,” என்றாள் மேரி. “அம்மாகிட்டச் சொல்லாதீங்க.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு,” என்றாள் சேசம்மாள், கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து. “எனக்காகவும் ஒரு வரி எழுதியிருந்தா என்னட்டி? மைக் உடைஞ்சா போவும்?”

மேரி சிரித்தாள். அமிர்தநாதன் சிரிக்கவில்லை. கடற்பக்கத்திலிருந்து காற்று வந்தது. அதில் தாராவிப் பதனிடுசாலைகளின் நெடியும் கலந்திருந்தது. அவர் சட்டைப் பித்தானை அவிழ்த்து, கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, உத்தரியத்தை மட்டும் மீண்டும் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

“என்னங்க இது?” என்றாள் சேசம்மாள். “ஒன்பது வருசமாக் கழத்தாத சாவி. தொலைஞ்சு போவும், மாட்டுங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மகளிடம் நீட்டினார். மேரி வாங்கினாள். தன் பெயரைப் பார்த்தாள். அந்நாட்டு அஞ்சல்தலையைப் பார்த்தாள். மேல்விளிம்பிலிருந்த நேர்க்கோட்டின்மேல் அவள் பெருவிரல் நின்றது. அந்தக் கோட்டை அவள் அறிவாள். வீட்டுக்கு வரும் எல்லாத் தபாலிலும் அந்தக் கோடு இருக்கும்.

“எப்பப்பா வந்துச்சு?”

“கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்.”

சேசம்மாளின் கை கடலைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டது. மேரி உறையைப் பிரிக்கவில்லை. தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகத் தான் துக்கம் என்று எண்ணியிருந்தது எது என்பதை அவள் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அமிர்தநாதன் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு மாலுமியிடம் அவன் காரியத்தின் நிலையை எடுத்துச் சொல்வதைப்போலச் சொன்னார்:

“ஒனக்கு வந்தத நான் பிரிச்சேன், நான் படிச்சேன், யாரும் தொடக்கூடாத எடத்துல கொண்டுபோயி வச்சேன். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் டயம் இருக்கு. பதில் நீ எழுது, என்ன எழுதணும்னு நான் கேக்க மாட்டேன். நாளைக்கிப் பத்து மணிக்குச் சுங்கத்துக்காரர் ஒரு தாள் கேட்டிருக்காரு. பீரோவுக்குள்ள வேற ஒண்ணு இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தச் சாவியையும் முதலாளி மேசையில வச்சிருவேன்.”